ஹன்யா பழைய ஊரில் தாவெர்னா சாப்பாடு: மேசைக்குச் சொல்லுங்கள், ஆளுக்கு அல்ல

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் ஹன்யா என்று ஒரு துறைமுக ஊர். வரைபடத்தில் சானியா என்று படிப்பீர்கள், ஊர்க்காரர்கள் சொல்வது ஹன்யா. அங்கே பழைய ஊருக்குள் ஒரு தாவெர்னாவில், அதாவது கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்ததும் நம் ஆட்கள் செய்வது ஒன்றுதான். ஆளுக்கொரு மெனுவைப் பிரித்து, ஆளுக்கொரு அயிட்டம் சொல்லிவிட்டு, தன் தட்டு எப்போது வரும் என்று அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே அது நடக்காது. எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும், நடு மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். உங்கள் கத்தரிக்காய் வந்து ஆறிப்போகும், பக்கத்தில் இருப்பவரின் மீனுக்கு அப்போதுதான் கரி மூட்டியிருப்பார்கள்.

அதனால் முதல் விதி: மேசைக்குச் சொல்லுங்கள், ஆளுக்குச் சொல்லாதீர்கள். நான்கு பேர் என்றால் முதலில் மூன்று தட்டு போதும். எல்லோரும் எடுத்துச் சாப்பிட்டு முடிக்கும்போது அடுத்த இரண்டு. தட்டுகள் பெரிசாகத்தான் வரும். எங்கள் குடும்பத்துக்கு இந்த முறை ரொம்பத் தோது. வீட்டுக்காரர் சுத்த சைவம். மாமியார் சைவம் மட்டுமல்ல, முட்டையும் தொடமாட்டார். நான் நாகப்பட்டினத்துக்காரி, கடலோரம் போய் மீன் சாப்பிடாமல் திரும்பினால் தூக்கம் வராது. பையனுக்கு உருளைக்கிழங்கு வறுவல் இருந்தால் உலகமே சரி. தனித்தனித் தட்டு என்றால் இந்த நான்கு பேரும் நான்கு நேரத்தில் சாப்பிட வேண்டியிருக்கும்.

எங்கே உட்காருவது? ஹாலிதோன் தெரு வழியாக நேரே கீழே இறங்கினால், ஒரு காலத்தில் தீவை ஆண்ட வெனீசியர் கட்டிய துறைமுகம் வந்துவிடும். எதிரே நீரின் அந்தப் பக்கம் கலங்கரை விளக்கம். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் வெனீசியர் எழுப்பி, 1830களில் எகிப்தியர் ஆட்சியில் திருப்பிக் கட்டியது. தண்ணீரை ஒட்டி வரிசையாகக் கடைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று "எந்த நாடு? இந்தியாவா? நமஸ்தே!" என்று மெனுவை மூக்குக்கு நேரே நீட்டுவார். அந்த வரிசை முழுக்க மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் காட்சிக்கும் சேர்த்துத்தான் காசு. அங்கே ஒரு காப்பி குடியுங்கள், சாயங்கால வெளிச்சத்தைப் பாருங்கள், சாப்பாட்டுக்கு உள்ளே வாருங்கள்.

உள்ளே என்றால் எனக்குப் பிடித்தது கிழக்குப் பக்கம், ஸ்ப்ளான்ட்ஸியா. சதுக்கத்தின் நடுவில் பெரிய பிளேன் மரம், அதன் கீழே நாற்காலிகள். பக்கத்தில் புனித நிக்கோலஸ் தேவாலயத்துக்கு ஒரு முனையில் மணிக்கூண்டு, இன்னொரு முனையில் மினாரெட் என்ற பள்ளிவாசல் கோபுரம். டொமினிக்கன் துறவிகளின் மடமாக இருந்ததை, 1645இல் ஊரைப் பிடித்த உஸ்மானியத் துருக்கியர் பள்ளிவாசலாக்கினார்கள். 1918இல் ஆர்த்தடாக்ஸ் கோயிலானது. மினாரெட்டை யாரும் இடிக்கவில்லை. அவர்களுக்கு எதிரான 1821 கிளர்ச்சியின்போது ஒரு பிஷப்பைத் தூக்கிலிட்டது இந்தச் சதுக்கத்து மரத்தில்தான். அந்த நிழலில் இப்போது பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், தாத்தாக்கள் காப்பியை மணிக்கணக்காக உறிஞ்சுகிறார்கள்.

மேற்குப் பக்கம் தோபானாஸ், பழைய யூதர் தெருக்கள், ஸாம்பெலியூ சந்து. இங்கே கடைகள் நெருக்கம், விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் சுவர்களுக்காகவே போகலாம். 1941 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் கூரை போன வீடுகள் இந்த ஊரில் ஏராளம். சிலவற்றில் கூரையைத் திரும்பப் போடாமல் அப்படியே மேசை போட்டுவிட்டார்கள். நான்கு பக்கமும் கல் சுவர், மேலே வானம். ஸாம்பெலியூவில் தமாம் என்ற கடை பழைய துருக்கியக் குளியல் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது.

எந்தக் கடை நல்ல கடை என்று கண்டுபிடிக்க நட்சத்திர மதிப்பெண்களைவிட எனக்கு உதவுகிற கேள்வி ஒன்று உண்டு: "ஜனவரியில் திறந்திருப்பீர்களா?" துறைமுக முகப்பில் பல கடைகள் குளிர்காலத்தில் பூட்டிவிடும். ஊர்க்காரர்களுக்குச் சமைக்கிற கடைதான் மழையிலும் அடுப்பு மூட்டும். தங்கும் விடுதியில் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் மெனுவின் நீளம். எட்டு மொழியில், பக்கத்துக்குப் பக்கம் புகைப்படம் ஒட்டி, பீட்சாவும் பாஸ்தாவும் சுஷியும் ஒரே அட்டையில் இருந்தால் நான் நடையைக் கட்டிவிடுவேன்.

நேரம் முக்கியம். மதியச் சாப்பாடு அங்கே இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும், ராத்திரி ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்குப் போனால் சுற்றிலும் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஆனால் மாமியார் மாதிரி எட்டு மணிக்குமேல் வாயில் ஒன்றும் வைக்காதவர்களோடு போனால் ஏழு மணியே சரி, மேசையும் சுலபமாகக் கிடைக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அடுப்பிலும் அண்டாவிலும் வேகிற பண்டங்களைக் காலையிலேயே சமைத்துவிடுவார்கள். கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிய மூசாகா, அடைத்த தக்காளி, காய்கறி அடுக்கிய பூரேகி எல்லாம் மதியம் சாப்பிட்டால்தான் அதன் ருசி. கரியில் சுடுகிற இறைச்சி, மீன் ராத்திரிக்கு. மதியம் போனால் மெனுவை மூடி வைத்துவிட்டு "தி எஹெதே ஸீமெரா?" என்று கேளுங்கள். இன்றைக்கு என்ன இருக்கிறது என்று அர்த்தம். சில பழைய கடைகளில் கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிப்போய்த் தட்டுகளைக் காட்டுவார்கள். அங்கே விரலால் காட்டினால் போதும், மொழி வேண்டாம். மற்றபடி பழைய ஊர் முழுக்க ஆங்கிலம் செல்லும்.

உட்கார்ந்ததும் மேசைமேல் காகிதம் விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தில் கிளிப் போடுவார்கள். கற்பாவிய தெரு, நாற்காலி ஆடும். எழுந்து வேறு நாற்காலி மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். வெளியே புகைபிடிக்கத் தடை இல்லை, அதனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து உட்காருங்கள். கேட்காமலே ரொட்டிக் கூடை வரும். இலவசம் இல்லை, பில்லில் கூவேர் என்று தலைக்கு ஒரு யூரோவோ கொஞ்சம் கூடவோ ஏறும். வேண்டாம் என்றால் அப்போதே சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் நான் வாங்கிக்கொள்வேன். எல்லாத் தட்டின் அடியிலும் தேங்குகிற ஆலிவ் எண்ணெயை வழித்துச் சாப்பிட வேறு வழி இல்லை. மேசைக்கு அடியில் பூனை வரும். ஒன்றுக்குப் போட்டால் ஐந்து வரும், அது உங்கள் பாடு.

மெனுவில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் குட்டி நட்சத்திரம் இருக்கும். உறைய வைத்த சரக்கு என்று அர்த்தம். கணவாய், இறால் பக்கத்தில் அடிக்கடி பார்க்கலாம். கெட்டது என்றில்லை, ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு உறைந்த கணவாயைச் சாப்பிட எனக்கு மனசு வருவதில்லை.

முதல் சுற்றில் டாகோஸ் கட்டாயம். பார்லி மாவு ரொட்டியை இரண்டு தடவை சுட்டுக் கல்லாக்கிய வட்டத் துண்டு, உள்ளங்கை அகலம். அதைத் தண்ணீரில் லேசாக நனைத்து, மேலே துருவிய தக்காளியைக் கொட்டி, அதன்மேல் மிஸித்ரா என்ற வெள்ளைப் பாலாடைக்கட்டியைப் பிசிறிப் போட்டு, ஒரிகானோவும் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். வந்தவுடன் பாயாதீர்கள். தக்காளிச் சாறு உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள், மேல்பாதி மெத்தென்று ஆகி அடிப்பாதி இன்னும் கடுக்கென்று இருக்கும். அந்த நேரத்தில் கத்தியை அழுத்தி நாலாக வெட்டுங்கள். சீக்கிரம் வெட்டினால் ரொட்டி தெறித்துப் பக்கத்து மேசைக்குப் போகும், தாமதித்தால் கூழ். மிஸித்ராவில் இனிப்பும் உண்டு, புளிப்பும் உண்டு. டாகோஸுக்குப் புளிப்புதான். கிரீக் சாலட்டை எந்த ஊரிலும் சாப்பிடலாம், இங்கே அதற்குப் பதில் டாகோஸ் வாங்குங்கள்.

கூடவே ஹோர்டா. காட்டிலும் மேட்டிலும் பறித்த கீரையை வேகவைத்து, எண்ணெய் விட்டு, எலுமிச்சையோடு தருவது. அதிலேயே ஸ்டம்னகாதி என்று முள் செடிக் கீரை ஒன்று உண்டு, கசக்கும். கசப்பு பிடித்தவர்கள் விடாதீர்கள். மூன்றாவது ஃபாவா: மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே பச்சை வெங்காயம். தாளிக்க மறந்துபோன பருப்பு மசியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்தால் சரியாகிவிடும். காரம் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள், அந்தச் சமையலில் மிளகாய்க்கு இடம் குறைவு. மாமியார் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் பாட்டில் நார்த்தங்காய் இருக்கும். பரிமாறுகிறவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, சமையல்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இப்போது சைவக்காரர்களுக்கு. நல்ல செய்தி, கிரீட்டில் பட்டினி கிடக்கமாட்டீர்கள். பூரேகி ஹன்யாவின் சொந்தப் பண்டம்: சுரைக்காய்க்கு உறவான சுக்கினியும் உருளைக்கிழங்கும் வட்ட வட்டமாக அடுக்கி, நடுவே மிஸித்ராவும் புதினாவும் வைத்து அடுப்பில் சுடுவது. அரிசி அடைத்த சுக்கினிப் பூ, காட்டுச் சோம்புக்கீரை வைத்த மராத்தோபிதா ரொட்டி, தக்காளியில் வெந்த வெண்டைக்காய், பெரிய வெள்ளை மொச்சை. எண்ணெயில் நிதானமாக வேகிற இந்தக் காய்கறி வகைக்கு லாதெரா என்று பெயர், மெனுவில் அந்தத் தலைப்பைத் தேடுங்கள். கடைசித் தட்டில் மாமியாருக்கு வெறும் சோறும் ஆட்டுப்பால் தயிரும் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். தயிரைத் தேனோடு கொண்டுவருவார்கள், தேன் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கெட்ட செய்தி, பொறிகளும் உண்டு. பெரிய பொறி கமோபிலாஃபோ. வெள்ளை வெளேரென்று குழைந்த சோறு, ஒரு துண்டு இறைச்சிகூடக் கண்ணில் படாது. கல்யாணச் சோறு அது. ஆடும் கோழியும் வெந்த சாற்றில் அரிசியை வேகவைத்து, ஆட்டுப்பால் ஆடையிலிருந்து எடுத்த வெண்ணெய் விடுவார்கள். இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு அமிர்தம், வீட்டுக்காரருக்கு ஆகாது. அடைத்த தக்காளியிலும் திராட்சை இலைச் சுருளிலும் சில கடையில் கொத்துக்கறி, சில கடையில் வெறும் அரிசி. கேட்டே ஆகவேண்டும். "இறைச்சி இல்லை" என்று மட்டும் சொன்னால் சாற்றைப் பற்றி யாரும் யோசிக்கமாட்டார்கள். "தென் த்ரோ க்ரேயாஸ், ஊதே ப்ஸாரி", அதாவது இறைச்சியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

நிஸ்திஸிமோ என்றால் ஆர்த்தடாக்ஸ் விரதச் சாப்பாடு. பால், முட்டை, இறைச்சி, மீன் எதுவும் இருக்காது. மாமியாருக்கு ஏற்றது என்று சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். சிவப்பு இரத்தம் இல்லாத கடல் உயிர்களுக்கு அந்த விரதத்தில் தடை இல்லை, அதனால் ஆக்டோபஸும் கணவாயும் இறாலும் விரதப் பட்டியலில் தாராளமாக வரும். இன்னொன்று, பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளை உறைய வைப்பது பெரும்பாலும் விலங்கின் இரைப்பை நொதி. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் லாதெரா, ஃபாவா, ஹோர்டா என்று போய்விடுவது நிம்மதி.

மீனுக்கு வருவோம், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. விலை இரண்டு வகையாக எழுதியிருக்கும். தட்டுக்கு இவ்வளவு என்பது ஒன்று, கிலோவுக்கு இவ்வளவு என்பது இன்னொன்று. வளர்ப்பு மீன்களான சிபூராவும் லவ்ராகியும் அநேகமாகத் தட்டுக் கணக்கு. கடலில் பிடித்தது கிலோக் கணக்கு. கிலோ விலையை ஒரு மீனின் விலை என்று நினைத்து "ஒரு மீன்" என்று சொல்லிவிட்டால் பில் வரும்போது நெஞ்சு அடைக்கும். எனவே எழுந்து ஐஸ் பெட்டிக்குப் போங்கள். கண் வெளியே உப்பிப் பளபளப்பாக இருக்கவேண்டும், உள்ளே குழிந்திருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், இரத்தச் சிவப்பு நல்லது, பழுப்பு வேண்டாம். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக்கூடாது. நாகப்பட்டினத்தில் மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பிடித்த மீனைக் காட்டி, உங்கள் கண் எதிரில் தராசில் வைக்கச் சொல்லி, யூரோவில் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். கிலோ 60 என்றால் 400 கிராம் மீன் 24. அதைக் கேட்டபிறகு தலையாட்டுங்கள். எடை போடச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, தினமும் நடப்பது. அவர் மோவாயை மேலே தூக்கி "ட்ஸ்" என்றால் இல்லை என்று அர்த்தம், கோபம் இல்லை.

என்ன மீன்? பர்பூனியா கிடைத்தால் விடாதீர்கள், நம் நவரை மீனின் உறவு, பொரித்துத் தருவார்கள். ஸ்காரோஸ் என்பது கிளிமீன். கிரீட்டில் அதைக் குடலோடு சுடுவது வழக்கம், பிடிக்காது என்றால் முன்கூட்டியே சுத்தம் செய்யச் சொல்லவேண்டும். நான் சொல்வதில்லை, அந்தக் கசப்பு நல்லாவே இருக்கும். பர்ஸைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு நெத்திலி இருக்கிறது, கவ்ரோஸ் என்று கேளுங்கள். ஒரு தட்டு நிறையப் பொரித்து, எலுமிச்சையோடு, தலைமுதல் வால்வரை அப்படியே. மூன்று பேர் கைவைத்தாலும் தீராது. கணவாயைச் சோம்புக்கீரையோடும் பச்சை ஆலிவோடும் வேகவைக்கிற பண்டம் ஒன்று உண்டு, அன்றைய பட்டியலில் இருந்தால் மீனைக்கூட விட்டுவிட்டு அதை வாங்குவேன்.

இறைச்சி பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆட்டுக்கறியைத் தன் கொழுப்பிலும் எண்ணெயிலும் நிதானமாக வேகவைத்த சிகாரியாஸ்தோ நன்றாக இருக்கும். துணிச்சல்காரர்களுக்கு நத்தை: உப்புத் தூவிய சட்டியில் முகம் கீழே பார்க்க வைத்து வறுத்து, ரோஸ்மேரியும் வினிகரும் ஊற்றுவார்கள். டெல்டா வயல்களில் நத்தை பொறுக்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு என்ன துணிச்சல் வேண்டியிருக்கிறது.

குடிக்கிறவர்களுக்கு ஒரு வரி: பாட்டிலில் அடைக்காத சில்லறை ஒயின் கிலோக் கணக்கில் வரும், அரைக் கிலோ என்றால் அரை லிட்டர், இரண்டு பேருக்குப் போதும்.

சாப்பிட்டு முடித்ததும் பில் வராது. நீங்கள் கேட்கிறவரை வராது, மேசை அன்று ராத்திரி முழுக்க உங்களுடையது. எழுப்பிவிடுவது அங்கே அநாகரிகம். கவனிக்கவில்லையே என்று முகத்தைச் சுளிக்காமல், "தோன் லோகாரியாஸ்மோ, பாராகாலோ" என்று சொல்லுங்கள், அல்லது காற்றில் எழுதிக் காட்டுங்கள். பில்லோடு ஒரு குட்டிக் குப்பி ராக்கியும், பழத்துண்டோ தேன் ஊற்றிய பணியாரமோ ஐஸ்கிரீமோ வரும். இது கடைக்காரர் வீட்டு உபசாரம், காசு கிடையாது. ராக்கி என்பது ஒயின் பிழிந்த திராட்சைச் சக்கையை இலையுதிர் காலத்தில் காய்ச்சி வடிப்பது, சாராயம் மாதிரியே ஏறும். குடிக்காதவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர்க் கிளாஸைத் தூக்கி "யாமாஸ்" சொன்னால் போதும். பழத்தையும் ஒதுக்கினால்தான் வருத்தப்படுவார்கள்.

ஒவ்வொரு சுற்று ஆர்டருக்கும் ஒரு சீட்டைக் குட்டிக் கிளாஸில் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள், பில்லோடு ஒப்பிட அதுதான் ஆதாரம். முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தரவேண்டியதில்லை என்று மெனுவிலேயே அச்சிட்டிருக்கும், அது சட்டம். வரி எல்லாம் விலைக்குள் அடக்கம். டிப்ஸ் கட்டாயம் இல்லை. கவனிப்பு பிடித்திருந்தால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து, சில்லறையாக மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். கார்டு எல்லா இடத்திலும் செல்லும், டிப்ஸை மட்டும் கையில் காசாகக் கொடுப்பது நல்லது. ஒரு மேசைக்கு ஒரு பில்தான். நண்பர்களோடு போனால் கணக்கை வெளியே வந்து பிரித்துக்கொள்ளுங்கள்.

மீந்துபோனால் கட்டித் தரச் சொல்லலாம், கூச்சப்பட ஒன்றும் இல்லை. பூரேகி மறுநாள் காலையில் ஆறிய பிறகும் ருசிக்கும், அறையில் வைத்துச் சாப்பிடலாம். நெத்திலியைக் கட்ட வேண்டாம், அங்கேயே தீர்த்துவிடுங்கள். டாகோஸைக் கட்டச் சொன்னால் சிரித்துவிட்டு, ஊறாத வறண்ட ரொட்டி ஒன்றைத் தனியாகப் பொதிந்து தருகிறவர்களும் உண்டு. ஆகஸ்ட் மாதம் என்றால், வெளியே வருவதற்கு முன்பே நாளைக்கு எத்தனை மணிக்கு எத்தனை பேர் என்று சொல்லி மேசை பிடித்துவிடுங்கள்.